மூன்று பால்பேணிகளும் ஓர் ஆங்கில வசனமும்



சென்ற மாதம் ஒரு தாய் எழுதிய கடிதம் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. கணவர் இல்லாத குடும்பம். தையல் வேலைதான் சீவியம். மூத்த மகள் தரம் 7 இல் படிக்கிறாள். இரண்டாம் தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 71, விஞ்ஞானத்துக்கு 68, ஆங்கிலத்துக்கு 19. "பிள்ளை மொக்கு இல்லை அக்கா. ஆனால் ஆங்கிலக் கொப்பியைத் திறந்தாலே முகம் வாடிப்போகிறது. சொல்லிக்கொடுக்க எனக்கும் தெரியாது. இப்போது எல்லோரும் கணனி, கணனி என்கிறார்கள். கணனி வகுப்புக்கு விட்டால் ஆங்கிலமும் சேர்ந்து வந்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறார்.

கணனிக்கு முன்னால் போய் இருப்பதால் மட்டும் ஆங்கிலம் வராது. ஆனால் கணனிக்கு ஒரு வேலையைச் சொல்லிக்கொடுக்கப் பிள்ளை பழகினால், ஆங்கிலத்தில் எங்கள் பிள்ளைகள் தடக்கி விழுகிற ஓர் இடம் நன்றாக விளங்கும். அதன் முதற் பாடத்துக்குக் கணனியே வேண்டியதில்லை. வெறும் பால்பேணி மூன்று இருந்தால் போதும். எப்படி என்று சொல்வதற்கு முன் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது நான் தரம் 9. பையில் இரண்டு சட்டையும் அம்மாவின் நகைப் பெட்டியும் இருந்தன. கொப்பிகள் வீட்டிலேயே நின்றுவிட்டன. தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் பின்னேர வகுப்பில் எங்களைச் சேர்த்தார்கள். பல மாதங்களாக ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இல்லை. பிறகு வந்தவர் கரும்பலகையில், நௌன் என்றால் பெயர்ச்சொல், வேர்ப் என்றால் வினைச்சொல் என்று எழுதினார். நாங்கள் பார்த்து எழுதினோம். மனப்பாடம் செய்தோம். அந்தப் பிரிவு எதற்கு, அதை வைத்து என்ன செய்வது என்று அவர் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

பின்னாளில் அதற்கு விலை கொடுத்தேன். ஓர் அலுவலகத்தில் நான்கு பக்கப் படிவம் ஒன்றை என் முன் வைத்தார்கள். முழுவதும் ஆங்கிலம். புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அதில் நான் எதற்குச் சம்மதித்தேன் என்று எட்டு மாதங்களின் பின்னர்தான் தெரிய வந்தது. இதை வாசிக்கிற உங்களிற் பலருக்கும் இப்படி ஒரு கையெழுத்து இருக்கும். பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்று நாங்கள் தவிப்பது நாகரிகத்துக்காக அல்ல. தன் பெயருக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவள் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

சரி, விடயத்துக்கு வருவோம்.

பிள்ளைகள் தாங்களே கணனிக்குக் கட்டளை எழுதலாம் என்று முதலில் நினைத்தவர்களில் முக்கியமானவர் சீமோர் பப்பேட். தென்னாபிரிக்காவில் 1928 இல் பிறந்தவர். ஜெனீவாவில் பியாஜே என்ற குழந்தை உளவியலாளருடன் வேலை செய்துவிட்டு அமெரிக்காவுக்குப் போனார். அவரும் வொலி ஃபர்சைக் என்பவரும் சிந்தியா சொலமன் என்ற பெண்ணும் சேர்ந்து 1967 இல் லோகோ என்ற கணனி மொழியை உருவாக்கினார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை: அவர் பல்கலைக்கழகத்தில் படித்தது வரலாறு. ஒரு பேராசிரியரின் செயலாளராக வேலை பார்த்த காலத்திற்றான் கணனிக்கு நிரல் எழுதப் பழகிக்கொண்டார். தட்டச்சு மேசையில் இருந்து அந்த வேலைக்குப் போனவர்.

லோகோ என்றவுடன் திரையில் ஊர்ந்து கோடு கீறுகிற ஆமைதான் பலருக்கு ஞாபகம் வரும். ஆமை பிறகு வந்தது. பெயரே 'சொல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து எடுத்தது. தொடக்கத்தில் பிள்ளைகள் அதை வைத்துச் சொற்களோடும் வசனங்களோடும்தான் விளையாடினார்கள்.

பப்பேட் 1980 இல் வெளியிட்ட மைண்ட்ஸ்ரோம்ஸ் என்ற நூலில் ஒரு பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறார். நூலில் அவள் பெயர் ஜெனி, வயது 13. ஆங்கிலம் பேசுகிற நாட்டுப் பிள்ளை. அவளுக்கும் நௌன், வேர்ப் என்ற பிரிவு விளங்கவே இல்லை! இலக்கணம் எதற்கு என்று கேட்டதற்கு, நன்றாகப் பேச உதவும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஆனால் அவளோ இலக்கணம் தெரியாமலே சின்ன வயதில் இருந்து பேசுகிறாள். அதனால் அந்தப் பதிலை அவள் நம்பவில்லை. பாவம், அவளுடைய பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

பிறகு கணனியில் ஒரு வேலை. கணனியே கவிதை போன்ற வசனங்களை ஆக்க வேண்டும். அதற்கு அவள் சொற்களைக் கொடுக்க வேண்டும். கணனி கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறது போல ஏதாவது ஒன்றை எடுக்கும். எல்லாச் சொற்களையும் ஒன்றாகக் கொட்டினால் என்ன வரும்? குப்பைதான் வரும். ஆகவே இந்த இடத்துக்கு இந்த வகைச் சொல், அடுத்த இடத்துக்கு அந்த வகைச் சொல் என்று அவள் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்படிப் பிரிக்கும்போதுதான், பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் எதற்காக இருக்கின்றன என்று தனக்கு இப்போது விளங்கிவிட்டதாக ஒரு நாள் வந்து சொன்னாளாம். அதுவரை சுமாராகப் படித்த பிள்ளை பின்வந்த வருடங்களில் நல்ல பெறுபேறு எடுத்தாள் என்றும் பப்பேட் எழுதுகிறார். ஒரு பிள்ளைக்கு நடந்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவளுக்கு விளங்கிய விதத்தை எங்கள் குசினித் தரையில் இருந்தே செய்து பார்க்கலாம்.

இனிப் பேணிகளை எடுங்கள்.

பழைய கொப்பி மட்டையை வெட்டி 15 துண்டுகள் ஆக்குங்கள். பிள்ளையின் ஆங்கிலப் பாடநூலில் இருந்தே சொற்களைப் பார்த்து அவளே எழுதட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. ஆள், மிருகம், பொருள் ஆகியவற்றின் பெயர்கள் 10. செய்கிற வேலையைச் சொல்லும் சொற்கள் 5. நாங்கள் வீட்டில் எழுதியவற்றைச் சொல்கிறேன். த டோக், த கௌ, த ரீச்சர், மை மதர், த க்ரோ என்ற ஐந்தையும் இரண்டு தடவை எழுதினோம். வேலைகள்: பைற்ஸ், சீஸ், ஹெல்ப்ஸ், கோல்ஸ், லவ்ஸ். அதாவது கடிக்கிறது, காண்கிறது, உதவுகிறது, கூப்பிடுகிறது, நேசிக்கிறது.

முதலில் எல்லாவற்றையும் ஒரே பேணியில் போட்டுக் குலுக்குங்கள். பார்க்காமல் மூன்றை எடுத்து வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்தது 'பைற்ஸ், மை மதர், லவ்ஸ்'. இது வசனமா என்று கேளுங்கள். இல்லை என்று பிள்ளை சொல்லும். அப்படியானால் ஒவ்வொரு தடவையும் வசனமாக வருவதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். பதிலைச் சொல்லிவிடாதீர்கள். இதுதான் கஷ்டமான பகுதி. தாய்மார் எங்களுக்கு வாய் சும்மா இராது.

என் மகன் கொஞ்ச நேரம் மட்டைத் துண்டுகளை அங்கும் இங்கும் அடுக்கினான். பிறகு, "அம்மா, இன்னும் ரெண்டு பேணி தாங்கோ" என்றான். அவ்வளவுதான். நான் 40 தடவை எழுதியும் விளங்காத விடயம் அவனுக்கு விளங்கிவிட்டது. யார் என்பதற்கு ஒரு பேணி, என்ன செய்கிறார் என்பதற்கு ஒரு பேணி, யாரை என்பதற்கு ஒரு பேணி. இப்போது எதை எடுத்தாலும் வசனம் வரும். பேணிக்கு 5 சொல் என்றால் 5 தரம் 5 தரம் 5, மொத்தம் 125 வசனங்கள். 15 துண்டு மட்டையில் இருந்து!

வருகிற வசனங்கள் ஒழுங்காக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 'த கௌ பைற்ஸ் த டோக்' என்று வந்தது. மாடு நாயைக் கடிக்கிறது. வீடே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு அதே துண்டுகளை இடம் மாற்றி வைத்தோம். 'த டோக் பைற்ஸ் த கௌ'. இப்போது நாய் மாட்டைக் கடிக்கிறது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழில் 'நாய் மாட்டைக் கடிக்கிறது' என்றாலும் 'மாட்டை நாய் கடிக்கிறது' என்றாலும் கடிபடுவது மாடுதான். 'மாட்டை' என்பதில் உள்ள 'ஐ' அந்தச் சொல் எங்கே போனாலும் கூடவே போகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒட்டிக்கொண்டு போக ஒன்றும் இல்லை. முன்னால் நிற்பவர் செய்பவர், பின்னால் நிற்பவர் வாங்கிக்கட்டுபவர். இடந்தான் எல்லாம். தமிழில் வினைச்சொல் வழக்கமாகக் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நடுவில் வந்து உட்காரும். எங்கள் பிள்ளைகள் தமிழ் ஒழுங்கிலே சொற்களை அடுக்கிவிட்டு, ஏன் பிழை போட்டார்கள் என்று தெரியாமல் முழிப்பது இதனாற்றான். அது மொக்குத்தனம் அல்ல. வீட்டில் ஒரு மொழியின் ஒழுங்கு நன்றாகப் படிந்த பிள்ளைக்கு வருகிற சிக்கல்.

அடுத்த நாள் முதற் பேணியில் 'த கேர்ள்ஸ்', 'த போய்ஸ்' என்ற இரண்டு துண்டுகளைக் கூடுதலாகப் போடுங்கள். சிறுமிகள், சிறுவர்கள் என்ற பன்மைச் சொற்கள். 'த கேர்ள்ஸ் ஹெல்ப்ஸ் மை மதர்' என்று வரும். இது பிழை. பலர் இருந்தால் வினைச்சொல்லின் கடைசியில் உள்ள எஸ் எழுத்துப் போக வேண்டும். பாடநூலில் பார்த்துப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பிறகு நாலாவது பேணி ஒன்று வரும்: எஸ் இல்லாத வினைச்சொற்களுக்கு. பன்மைத் துண்டுகளில் ஒரு சிவப்புப் பொட்டு வையுங்கள். சிவப்புப் பொட்டு வந்தால் எஸ் இல்லாத பேணியில் எடு, வராவிட்டால் எஸ் உள்ள பேணியில் எடு. 'இப்படி என்றால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்ற இந்தக் கட்டளைதான் கணனி நிரலின் உயிர்நாடி. பிள்ளை நிரல் எழுதத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு அது இன்னும் தெரியாது.

போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி வைத்துப் பேசுகிற எங்கள் பிள்ளைகள் அந்த ஒற்றை எஸ்ஸுக்கு முன்னால் தடுமாறுவதைப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. விகுதி அவர்களுக்குப் புதிதல்ல. 'அம்மா போகிறேன்' என்று சொன்னால் எவ்வளவு கேலிக்குரியதோ, 'மை மதர் ஹெல்ப்' என்பதும் அப்படியே என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். 'ஐ' என்ற சொல்லை, அதாவது 'நான்' என்பதை, பேணியில் போட்டால் அதற்கும் சிவப்புப் பொட்டு வேண்டும். 'த சில்ட்ரன்' என்பதில் எஸ் இல்லை, ஆனால் அது பன்மை. இந்த வில்லங்கங்களை ஒரே நாளில் கொட்ட வேண்டாம். ஒவ்வொன்றாக வரட்டும்.

இதற்குப் பிறகுதான் கணனி. பாடசாலையில் ஸ்கிரச் என்ற பெயரைப் பிள்ளை கேள்விப்பட்டிருக்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் மிச்சல் ரெஸ்னிக் என்பவரின் குழு 2007 இல் பிள்ளைகளுக்காக வெளியிட்ட நிரல்மொழி. பப்பேட்டின் வழியில் வந்தவர்கள்தான். கட்டளைகளைத் தட்டச்சுச் செய்ய வேண்டியதில்லை. வர்ணக் கட்டைகளை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். இது முற்றிலும் இலவசம். ஒரு தடவை கணனியில் இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் வேலை செய்யும். ஸ்கிரச் மென்பொருளுக்கு என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அதில் மூன்று பட்டியல்களை ஆக்க வேண்டும். அவைதான் பேணிகள். எழுமாறாக ஒன்றை எடு என்று ஒரு கட்டை இருக்கிறது. அதுதான் கண்ணை மூடி எடுக்கும் கை. எடுத்தவற்றை ஒட்டு என்று ஒரு கட்டை, சொல்லிக்காட்டு என்று ஒரு கட்டை. பச்சைக் கொடியை அழுத்தினால் திரையில் நிற்கிற பூனை ஒரு வசனம் சொல்லும். பேணி விளையாட்டு விளங்கிய பிள்ளைக்கு இது பெரிய வேலை அல்ல.

மகன் முதற் தடவை கொடியை அழுத்தியபோது பூனை சொன்ன வசனத்தில் சொற்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒட்டச் சொன்னால் கணனி ஒட்டத்தான் செய்யும். சொற்களுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே! இடைவெளியையும் ஒரு சொல் போலக் கொடுத்த பிறகுதான் சரியாயிற்று. கட்டுரை எழுதும்போது இடைவெளி விடாமல் நெருக்கி எழுதுகிறான் என்று ஆசிரியை எத்தனையோ தடவை அவன் கொப்பியில் எழுதி அனுப்பியிருக்கிறார். அன்றைக்குப் பிறகு அந்த முறைப்பாடு வரவில்லை. எழுத்துப் பிழையும் அப்படியே. பிள்ளை பிழையாக எழுதிக் கொடுத்த சொல்லைப் பூனை ஒவ்வொரு தடவையும் பிழையாகவே காட்டிக்கொண்டிருக்கும். திட்டாது, அடிக்காது, பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடாது. திருத்தினால் திருந்திவிடும்.

ஸ்கிரச்சைத் தமிழ்ப்படுத்தித் தேட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கட்டைகளில் உள்ள ஆங்கிலமே ஒரு பாடம். நட, திரும்பு, காத்திரு, கேள், திரும்பத் திரும்பச் செய், இது நடக்கும்வரை செய் என்று எல்லாம் குட்டிக் குட்டி ஏவல் வசனங்கள். இஃப், தென், எல்ஸ், அன்ரில், வென் என்ற சொற்களைப் பாடநூலில் வாசித்தால் மறந்துபோகும். அந்தக் கட்டையைப் பொருத்தியவுடன் பூனை என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிள்ளை மறக்காது. இணைய வசதி இருந்தால் எழுதிய வசனத்தை வாசித்துக் காட்டுகிற கட்டை ஒன்றையும் சேர்க்கலாம். உச்சரிப்புக் கேட்க உதவும். இணையம் இல்லாவிட்டால் பிள்ளை தன் சொந்தக் குரலையே ஒலிவாங்கியில் பதிந்து பூனையின் வாயில் வைக்கலாம். எனக்கு இதுதான் கூடப் பிடிக்கும். வகுப்பில் வாய் திறக்கப் பயப்படுகிற பிள்ளை, தன் குரலைத் திரும்பக் கேட்டுப் பிடிக்காமல் அழித்து மறுபடி சொல்வாள். தன்பாட்டில் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுவாள்.

வீட்டில் கணனி இல்லை என்பீர்கள். கைத்தொலைபேசியின் சின்னத் திரையில் இதைச் செய்வது சிரமம். பிள்ளை சலித்துப் போகும். ஐந்து முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளுக்கு என்று ஸ்கிரச் ஜூனியர் 2014 இல் வந்தது. அதில் கட்டைகளில் சொற்கள் இல்லை, படங்கள்தான். சின்னவர்களுக்கு நல்லது, ஆனால் நாங்கள் பேசுகிற ஆங்கில வேலைக்கு அது அவ்வளவு உதவாது. ஆகவே பாடசாலைக் கணனி அறையைத்தான் கேட்க வேண்டும். சில இடங்களில் நன்கொடையாக வந்த கணனிகள், பிள்ளைகள் பழுதாக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் துணி போட்டு மூடிக் கிடக்கின்றன. பாவிக்காமல் கிடந்தும் பழுதாகும். தாய்மார் நாலு பேர் சேர்ந்து போய், வாரத்தில் ஒரு பின்னேரம் ஆங்கில ஆசிரியையும் கணனி ஆசிரியரும் ஒன்றாக இருந்து இதைச் செய்யலாமா என்று அதிபரிடம் கேளுங்கள். தனியாகப் போனால் பார்ப்போம் என்பார்கள். நாலு பேராகப் போனால் கதிரை போடுவார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதனால் பிள்ளை மடமடவென்று ஆங்கிலம் பேசத் தொடங்கிவிடாது. வசனம் எப்படிக் கட்டப்படுகிறது என்று விளங்கும், அவ்வளவுதான். வாசிப்பு, கேட்டல், சொல்வளம் எல்லாம் வேறாகச் செய்ய வேண்டியவை. அடுத்த தவணையில் 19 எண்பதாகிவிடும் என்று கடிதம் எழுதிய சகோதரிக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. கணனி வகுப்புக்குக் காசு கட்ட வேண்டாம் என்பதே இப்போதைக்கு அவருக்கு நான் சொல்கிற பதில். முதலில் இரண்டு கிழமை பேணிகளோடு இருங்கள். தையல் மெசினுக்குப் பக்கத்தில் பிள்ளையை இருத்தி, வருகிற ஒவ்வொரு வசனத்துக்கும் தமிழில் பொருள் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் சேர்ந்து எடுங்கள். எனக்கு அப்படித்தான் அந்த எஸ் விளங்கியது, 40 வயதுக்குப் பிறகு.

உங்கள் பேணிகளில் என்னென்ன சொற்களைப் போட்டீர்கள், சிரிப்பான வசனங்கள் எவை வந்தன என்று எழுதுங்கள். நடந்து முடிந்ததைச் சொல்லும் வசனங்களுக்கு எத்தனை பேணி தேவைப்படும் என்று பிள்ளையிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். என் மகன் ஐந்து என்கிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை. அடுத்த மாதம் அதிலிருந்து தொடங்குவோம்.